தெப்பக்காட்டுக்கு ஒரு பஸ் பயணம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில வேடிக்கைகளைக் குறைக்கும்படி மலர்க்குழு கேட்டுக்கொண்டது. குறைத்திருக்கிறேன். ஒன்றிரண்டை விட மனம் வரவில்லை.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'சுற்றுலாக் குழுவை வழிநடத்துவது எப்படி'. தொழிலில் நான் பம்பு வடிவமைக்கிற ஆள். சுற்றுலா நடத்துவது என் பிழைப்பு இல்லை. சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். போய் உட்கார்ந்தபோது, "டூர் பொறுப்பு நம்ம தம்பிக்குன்னு முடிவாயிடுச்சு" என்றார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் நான் தாமதமாகப் போவதில்லை. ஆனால் அந்தப் பொறுப்பும் என்னை விட்டுப் போகவில்லை. 2017-ல் தொடங்கி இதுவரை ஐந்து முறை பஸ் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறேன். அதில் மூன்று முறை நீலகிரி, மூன்று முறையும் தெப்பக்காடு. அதனால் பொதுவாக எதுவும் பேசாமல், தெப்பக்காட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அங்கே நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் இடம். தெப்பக்காடு என்பது முதுமலைக்குள் மாயாற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன இடம். மைசூர் சாலையும் மசினகுடி சாலையும் பிரிகிற முனை. வனத்துறையின் வரவேற்பு நிலையம், யானை முகாம், பாகன்களின் குடியிருப்பு, அவ்வளவுதான். முதுமலை 1940-ல் சரணாலயம் ஆனது, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. யானை முகாம் இதற்கெல்லாம் முன்னாலேயே, வெள்ளைக்காரன் காலத்தில் மரம் இழுப்பதற்காக ஏற்பட்டது. இன்று அங்கே மரம் இழுக்கும் வேலை இல்லை. ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி விரட்டவும், ரோந்து போகவும் கும்கிகளாக இருக்கின்றன. தாயை இழந்த குட்டிகளும் அங்கே வளர்கின்றன. அப்படி வளர்ந்த ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளையும், வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிக் கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த ஆவணப்படம்தான் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதற்கப்புறம் தெப்பக்காட்டுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. பஸ்ஸில் ஏறும்போதே "ரகுவைக் காட்டுவீங்களா?" என்று கேட்கிறார்கள். "முகாமில் எது நிற்கிறதோ அதைப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவேன். புலி பற்றிக் கேட்டாலும் அதே பதில். டூர் நடத்துகிறவன் மிருகங்களின் சார்பில் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கல்லட்டி, மசினகுடி வழியாகப் போனால் 36 கிலோமீட்டர். பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் 67 கிலோமீட்டர். 2017-ல் திட்டம் போட்டபோது நான் என்ன செய்தேன்? பொறியாளன் இல்லையா, குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேரம் மிச்சம், டீசல் மிச்சம் என்று அழகாக அட்டவணை போட்டு ஓட்டுநர் அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "கல்லட்டி வழி நான் வரமாட்டேனுங்க சார். வண்டி இறங்கும், பிரேக் இறங்காது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. அன்று இரவு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 12 டன் எடையுள்ள பஸ் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் அதற்கு இருக்கிற ஆற்றல் சுமார் 39 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கீழே வந்து சேரும்போது அது முழுக்க வெப்பமாகிப் போயிருக்க வேண்டும். ஒன்று, எஞ்சின் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிரேக் டிரம்மும் லைனிங்கும் வாங்கிக்கொள்ள வேண்டும். 67 கிலோமீட்டரில் பரவலாகக் கொடுத்தால் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கொஞ்ச தூரத்துக்குள் செங்குத்தான இறக்கம். சூடேறிய லைனிங் பிடிப்பை இழந்துவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். நான்கு வருடம் படித்து நான் கணக்காகக் கண்டுபிடித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவரிடம் போய், "அண்ணா, கூடலூர் வழியே போலாம்" என்றேன். அடுத்த ஆண்டு, 2018 அக்டோபர் தொடக்கத்தில், சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அதே கல்லட்டிச் சாலையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்குத் தடை வந்தது. தம்பிகளே, நீங்கள் கூகுள் வரைபடத்தைப் பார்த்து 36 கிலோமீட்டர் என்று எழுதிவிடாதீர்கள்.

மலைக்கு வண்டி பேசும்போது என்ன கேட்க வேண்டும் என்று மாணவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். எந்த வண்டியில் கலர் விளக்கு அதிகம், எதில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்றுதான் ஐ.வி. போகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றின் நகலையும் முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர், மைசூர் என்று போவதாக இருந்தால் கர்நாடகத்துக்குள் போகிற அனுமதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுநர் மலையில் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார், முந்தின இரவு எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். திருப்பதி போய்விட்டு விடிகாலை நான்கு மணிக்கு வந்து இறங்கியவர், ஐந்து மணிக்கு உங்கள் வண்டியை எடுப்பார். அவர் மேல் தப்பில்லை. முதலாளி சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் வேலை.

ஓட்டுநருக்கு அறை போடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஊட்டியில் டிசம்பர் மாதம் நாமெல்லாம் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். அவர் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு சால்வையோடு கிடப்பார். மறுநாள் நம்முடைய நாற்பது உயிரும் அவர் கண் இமையில் தொங்கும். எங்கள் பயணச் செலவுக் கணக்கில் ஓட்டுநர் அறை, கிளீனர் அறை என்று தனி வரி இருக்கும். ஒருமுறை ஒரு உறுப்பினர், "இது எதுக்குப்பா வீண் செலவு?" என்று கேட்டார். மலைப்பாதை முடிகிற வரை அவரை முன் சீட்டில் உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

முன் சீட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸின் வால்பகுதி பின் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வளைவில் அதுதான் அதிகம் வீசும். வாந்தி வருகிறவர்களைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் கொடுப்பதில் பயனில்லை. ஏறுவதற்கு முன்பே கேட்டு முன்னால் உட்கார வையுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் அரை மணி முன்பே போட வேண்டும். காலையில் பூரி வேண்டாம், இட்லி. நின்று ஆடுவது மேட்டுப்பாளையத்தோடு சரி. அதற்கு மேல் பாட்டும் கிடையாது. பாட்டில்லாவிட்டால்தான் ஓட்டுநருக்கு எதிரே வரும் வண்டியின் ஹாரன் கேட்கும்.

அடுத்து நேரம். நாங்கள் முதலில் போட்ட அட்டவணைகளில் எல்லாம் இருந்தது, கழிப்பறை இல்லை. சிரிக்காதீர்கள். பஸ்ஸில் 19 பெண்கள். நிறுத்தின இடத்தில் இரண்டு கழிப்பறை. ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் அரை மணி ஆகிவிடுகிறது. நான் எழுதியிருந்தது 'டீ, 10 நிமிடம்'. நாலு இடத்தில் இப்படி எழுதினால் ஒன்றரை மணி நேரம் காணாமல் போகும். பிறகு அந்த நேரத்தை எங்கே பிடிப்பது? ஓட்டுநரின் வலது காலில்தான். அதனால் இப்போது எங்கள் அட்டவணையை எங்கள் சங்கத்து அக்கா ஒருவர்தான் போடுகிறார். நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

தெப்பக்காட்டில் நேரத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. காட்டுக்குள் போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பந்திப்பூர் பக்கம் 2009-ல் தொடங்கிய தடை அது. கூடலூர்ப் பக்கத்தில் தொரப்பள்ளிச் சோதனைச் சாவடி இருக்கிறது. 9 மணிக்கு மேல் அங்கே போய் நின்றால் காலையில்தான் வழி. எதற்காக என்றால், இரவில் சாலை கடக்கிற மான், காட்டெருமை, யானை எல்லாம் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. வாயில் அடைபடுவது எனக்கு வசதிக் குறைவாக இருக்கலாம். அந்த ஒன்பது மணி நேரம் சாலை அவைகளுக்கு உரியது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2017 பயணத்தில் நாங்கள் 42 பேர். எங்களோடு நம் கல்லூரிப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியும் வந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். இங்கே பொறியியல் படித்த எல்லோருக்கும் அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டாலும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஊட்டியிலிருந்து காலையில் கிளம்பிக் கூடலூரில் சாப்பிட்டுவிட்டு மதியம் தெப்பக்காடு வந்தோம். வனத்துறை வண்டியில் குழுகுழுவாகக் காட்டுக்குள் போய் வந்தோம். மாலையில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்க நின்றோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது வேடிக்கைக் காட்சி இல்லை, சமையலறை. கேழ்வரகு, கொள்ளு, அரிசி வேகவைத்துக் கட்டிகளாக வைத்திருப்பார்கள். வெல்லம், உப்பு, தேங்காய் எல்லாம் உண்டு. எந்த யானைக்கு எவ்வளவு என்பது கால்நடை மருத்துவர் சொன்ன அளவு. பாகன் உருட்டி வாயில் ஊட்டுவார். காவடி என்று சொல்லப்படுகிற உதவிப் பாகன் பக்கத்தில் நிற்பார்.

அன்று அங்கே மூர்த்தி நின்றுகொண்டிருந்தது. மூர்த்தி ஒரு மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை. பல பேரைக் கொன்ற யானை. 1998-ல் உடம்பெல்லாம் காயத்தோடு பிடிக்கப்பட்டது. அதற்கு மருத்துவம் பார்த்து ஆற்றியவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. தமிழ்நாட்டு வனத்துறையில் யானை வைத்தியத்துக்கே தன் வாழ்க்கையைக் கொடுத்தவர், 2002-ல் காலமானார். அவர் பெயரைத்தான் அந்த யானைக்கு வைத்தார்கள். அதற்கப்புறம் அந்த யானை முகாமிலேயே சாதுவாக வாழ்ந்து 2024-ல் இறந்தது. இந்தக் கதையை நான் அன்று வண்டியில் சொல்லியிருந்தேன். அதனால் எல்லோரும் மூர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நேரம் போனதே தெரியவில்லை. ஆறே முக்காலுக்கு இருட்டிவிட்டது. எனக்குத் தொரப்பள்ளி வாயிலும், அதற்கப்புறம் நடுவட்டம் ஏற்றமும் மனதில் ஓடுகிறது. "ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டினேன்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் காகிதம் மட்டும்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அண்ணாச்சி பெயரைக் கூப்பிட்டேன். பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "வந்துட்டார்!" டிக் போட்டேன். 42-க்கு 42. "ரைட் போலாம் அண்ணா."

அது ப்ராக்ஸி. பத்து வருடத்துக்கு முன்னால் வகுப்பில் கொடுத்த அதே ப்ராக்ஸி. கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. அண்ணாச்சி எப்போதும் முதல் ஆளாக ஏறி ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்துகொள்வார், ஏறியிருப்பார் என்று நினைத்துவிட்டார். யார் அந்தக் குரல் என்று எனக்குத் தெரியும். இந்த அரங்கத்தில் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் டிக் போட்டது என் பேனா. நானும் படிக்கிற காலத்தில் பல பேருக்குக் குரல் கொடுத்தவன்தான்.

தெப்பக்காட்டிலிருந்து தொரப்பள்ளி வரை காட்டுச் சாலை. நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. ஒரு இடத்தில் யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. ஓட்டுநர் அண்ணன் தூரத்திலேயே நிறுத்தி விளக்கைத் தணித்து, அவை போகிற வரை காத்திருந்தார். பஸ்ஸே மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எனக்குப் பெருமை. நம்ம டூர்ல எல்லாம் கூடி வருது என்று நினைத்தேன்.

தொரப்பள்ளிச் சாவடியைத் தாண்டும் இடத்தில் ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்த்து, "சார், அந்தப் பெரியவர் தூங்கிட்டாருங்களா? கியர் மாத்தும்போதெல்லாம் ஏதாச்சும் சொல்லிட்டே வருவாரு. முதுமலையில இருந்து சத்தத்தையே காணோம்" என்றார்.

சீட்டில் அண்ணாச்சியின் மஞ்சப்பையும் குடையும் இருந்தன. அண்ணாச்சி இல்லை.

அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மணி 7.25. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யானைகள் கடந்த அதே சாலை. எழுபதை நெருங்குகிற மனுஷன். கோபக்காரர், வைராக்கியக்காரர், பஸ் போய்விட்டது என்று தெரிந்தால் நடந்தே வரலாம் என்று கிளம்பிவிடக் கூடியவர். போன் அடித்தால் போகவில்லை. அந்தப் பக்கத்தில் சிக்னல் இருந்தால்தான் அதிசயம். சாவடியில் இருந்தவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, எங்கேயும் இறங்காதீங்க, ஒன்பதுக்குள்ள திரும்பிடுங்க" என்று வழி விட்டார்கள். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஒருவர்கூடப் பேசவில்லை. எல்லோரும் இரண்டு பக்கமும் சன்னலில் முகத்தை வைத்துச் சாலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். காரின் விளக்குப் பட்டு மான் கண் மின்னினால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

எட்டு மணிக்குத் தெப்பக்காடு. வரவேற்பு நிலையத்துத் திண்ணையில், விளக்கடியில், அண்ணாச்சி கையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வனக் காவலர். நடந்தது இதுதான். கழிப்பறைக்குப் போயிருக்கிறார், வரிசை நீளமாக இருந்திருக்கிறது, வெளியே வந்தால் பஸ் இல்லை. நினைத்த மாதிரியே நடக்கத்தான் கிளம்பியிருக்கிறார். பாலத்துப் பக்கம் போகும்போதே அந்தக் காவலர் பார்த்துப் பிடித்து நிறுத்தி, "பெரியவரே, இந்த நேரத்துல இது மனுஷன் நடக்கிற ரோடு இல்லை" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வருவேன்னு தெரியும்ல. எப்ப எண்ணிப் பாப்பேன்னுதான் தெரியல" என்றார்.

தொரப்பள்ளியை எட்டே முக்காலுக்குத் தாண்டினோம். ஓட்டுநர் அண்ணன் மட்டும் அந்தச் சத்தம் இல்லாததைக் கவனிக்காமல் இருந்திருந்தால், எங்களுக்கு ஊட்டியில்தான் தெரிந்திருக்கும். அப்போது மணி பத்து. வாயில் அடைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அன்று இரவு ஊட்டி அறையில் அண்ணாச்சிதான் எனக்கு வழி சொன்னார். பட்டறையில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கருவி அறையில் சுத்தியலோ, அரமோ, வெர்னியரோ வாங்க வேண்டுமானால் நம் எண் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுக்க வேண்டும். கருவி தொங்கின ஆணியில் அந்த டோக்கனை மாட்டிவிடுவார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்தக் கருவி வெளியே இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் யாரிடம் என்று தெரியும். முப்பது வருடத்தில் ஒரு அரம்கூடக் காணாமல் போனதில்லை என்பது அண்ணாச்சியின் பெருமை. "அரத்துக்கு இருந்த மரியாதை ஆளுக்கு இல்லாமப் போச்சேல" என்று அன்றைக்குச் சொன்னார். அது மட்டும்தான் அவர் என்னைத் திட்டின திட்டு.

ஊர் திரும்பின வாரமே பழைய பித்தளைத் தகட்டில் 45 டோக்கன் வெட்டினார். எண் அடித்தார். ஒரு பலகையில் 45 ஆணி. அந்தப் பலகை இப்போது எங்கள் பயணங்களில் பஸ் வாசலில் தொங்குகிறது. இறங்கும்போது அவரவர் டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், ஏறும்போது மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் வெளியே. பெயர் கூப்பிடுவது கிடையாது, யாரும் யாருக்கும் குரல் கொடுக்க முடியாது. அடுத்தவர் டோக்கனை வாங்கி மாட்டினால் இரண்டு பேரும் அடுத்த நிறுத்தத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதுவரை ஒரே ஒருமுறைதான் அந்த டீ கிடைத்திருக்கிறது. கணவன் மனைவி. மனைவியின் டோக்கனைக் கணவர் மாட்டினார், அம்மா வளையல் கடையில் இருந்தார். பலகையோடு, தலையையும் ஒருமுறை எண்ணுகிறோம். அதை நான் செய்வதில்லை. ஓட்டுநர் அண்ணன் எண்ணிச் சொன்ன பிறகுதான் கிளப்புகிறோம்.

அட்டவணையையும் திருப்பிப் போட்டோம். மாலை உணவு நேரத்தை விட்டுவிட்டோம். முந்தின இரவு கூடலூரில் தங்கிவிட்டு, காலை எட்டரை வாக்கில் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்துக்குத் தெப்பக்காடு போகிறோம். அங்கிருந்து கூடலூர் பதினெட்டு கிலோமீட்டர்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே நடுவட்டம் ஏறி ஊட்டி போய்விடலாம். ஒரு பார்வையிடம் குறைகிறது. குறையட்டும்.

இ-பாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் இருந்து கோடை சீசனுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நாட்டுப்புறத்தில் சொல்வதுபோலக் கடைசி நாள் கழுத்தைப் பிடிக்க விடாதீர்கள், முன்பே பதிவு செய்யுங்கள். பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டி எண்ணுக்கு. 2024-ல் எங்கள் பஸ் மேட்டுப்பாளையத்தில் கிளட்ச் போய் நின்றது. மாற்று வண்டி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் கையில் இருந்த பாஸ் பழைய எண்ணுக்கு. ஓட்டுநர், உரிமையாளர், எரிபொருள் விவரமெல்லாம் கேட்டு வாங்கிப் புதிதாகப் பதிவு செய்வதற்குள் வியர்த்துவிட்டது. இப்போது மாற்று வண்டியின் விவரத்தையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவரவர் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் பிரச்சினை இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கை, "இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் டூர் ஜாலியாக இருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அண்ணாச்சியே எழுந்து, "நீ ஒரு தடவை அந்தத் திண்ணையில உக்காந்து பாரு தாயி" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் திண்ணை விளக்கு எனக்கு இன்னும் சில இரவுகளில் கனவில் வருகிறது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. போன பயணத்தில் 31-ஆம் எண் டோக்கனை யாரோ பையில் போட்டபடியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். பஸ் கோவை வந்து சேர்ந்த பிறகு 31-ஆம் ஆணி காலியாக இருந்தது. எல்லோரும் இறங்கிப் போனது கண்ணால் பார்த்து உறுதியான பிறகும் அண்ணாச்சி அரை மணி நேரம் பஸ்ஸை விட்டு நகரவில்லை. தயவு செய்து வீட்டில் தேடிப் பார்த்து, சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இன்று கையில் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டு வரிசையில் அவரிடமே கொடுக்கலாம். பலகையோடுதான் வந்திருக்கிறார்.